மஸ்கட்டிலிருந்து வந்த ஊமைப் பெட்டி

மூட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே படிக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சின்னப் பிள்ளைகள் தாராளமாக அடுத்த பக்கத்துக்குப் போகலாம். டூ-இன்-ஒன் என்றால் என்ன என்று அவர்களுக்கு விளக்கி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிடும். நமக்கு அந்தக் கவலை இல்லை. ரேடியோவும் கேசட்டும் ஒரே பெட்டியில், இரண்டு பக்கமும் ஸ்பீக்கர், தூக்கிப் போக மேலே ஒரு பிடி. எந்த வீட்டு ஆள் அரபு நாட்டில் இருக்கிறார் என்று தெருவில் யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. எந்த வீட்டு ஜன்னலில் அது உட்கார்ந்து பாடுகிறதோ அந்த வீடுதான்.

எங்கள் ஊர் பாபநாசம் பக்கம், குடமுருட்டிக் கரையில். எங்கள் தெருவில் அதுவரை எல்லாருக்கும் அடுத்தவர் வயலில் நடவும் அறுப்பும்தான் பிழைப்பு. அங்கிருந்து வெளிநாடு போன முதல் ஆள் எங்கள் அப்பா. அதனால் மஸ்கட்டிலிருந்து என்ன வரப்போகிறது என்பது எங்கள் வீட்டு விஷயமாக மட்டும் இருக்கவில்லை, தெரு விஷயமாகிவிட்டது. டூ-இன்-ஒன் வருகிறது என்று அம்மா குழாயடியில் சொல்லி வைத்துவிட்டாள். சுவரில் அதற்கென்று பலகை அடித்தாயிற்று. மேலே போர்த்த ஒரு துணியில் ரோஜாப்பூ பின்னி மடித்தும் வைத்தாயிற்று.

கொண்டு வந்தவர் பாபநாசத்துப் பாய். மஸ்கட்டில் அப்பாவோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர், விடுமுறையில் ஊர் வந்திருந்தார். அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் ஒரு வாசம் வந்தது பாருங்கள், புது சோப்பும் அத்தரும் கொஞ்சம் பேரீச்சம்பழமும் கலந்தாற்போல. அந்த வாசத்துக்கே தெருப் பிள்ளைகள் முண்டியடித்தார்கள். உள்ளே இருந்தது டூ-இன்-ஒன் இல்லை.

என் கை நீளத்துக்கு ஒரு கறுப்புச் சாமான். முன்பக்கம் ஆர்மோனியத்தில் இருப்பது மாதிரி வெள்ளையும் கறுப்புமாகக் கட்டைகள், ஆனால் விரல் தடுமாறும் அளவுக்குக் குட்டிக் கட்டைகள். அதற்கு மேலே வரிசை வரிசையாகத் திருகுகள். ஒவ்வொன்றின் கீழும் பொடி எழுத்தில் இங்கிலீஷ். மூலையில் ஒரு சிவப்பு விளக்கு. கேசட் போட இடமில்லை, பிடி இல்லை. அதற்கு அனலாக் சிந்தசைசர் என்று பெயர், கரண்டிலிருந்தே சத்தத்தை உண்டாக்குகிற கருவி என்பதெல்லாம் எனக்கே கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு அது வெறும் "இது என்னாது?"தான்.

பாய் சொன்னார், அப்பா வேலை பார்த்த வெள்ளைக்காரர் ஊரைக் காலி செய்துகொண்டு போகும்போது கொடுத்ததாம். பாட்டுப் பெட்டியாம். தன் காதாலேயே கேட்டாராம். அப்பா சொல்லி அனுப்பியதாக இன்னொன்றும் சொன்னார், என்னைப் பார்த்து. "டூ-இன்-ஒன் அடுத்த தடவைன்னு சொல்லச் சொன்னாருங்க. இது மகளுக்குன்னுதான் குடுத்தாரு."

அந்த ஏமாற்றத்தில் அதை யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? என்னைத் தவிர ஒருவரும் இல்லை. அந்த வீட்டில் எனக்கென்று தனியாக ஒரு பொருள் அதற்கு முன்னால் வந்ததே கிடையாது. பாவாடைகூடப் பெரியவர்கள் புடவையிலிருந்து வெட்டியதுதான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாமா, அம்மாவின் தம்பி, அந்த வெளிநாட்டு பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு நம் ஊர் ரெண்டு பின் பிளக்கை மாட்டினார். செருகினார். சிவப்பு விளக்கு எரிந்தது. வாசலில் நின்ற கூட்டம் மொத்தமும் மூச்சை இழுத்துப் பிடித்தது. மாமா ஒரு கட்டையை அமுக்கினார். இன்னொன்றை அமுக்கினார். பத்து விரலையும் விரித்து மொத்தமாக அமுக்கினார். கட்டை இறங்கி ஏறும் டொக் டொக் சத்தம்தான் வந்தது. திருகுகளை எல்லாம் திருகினார். ஒன்றும் இல்லை.

"வர்ற வழியில எங்கயாச்சும் கீழ போட்டீங்களா பாய்?" என்று மாமா கேட்டார். பாய்க்கு முகம் சிவந்துவிட்டது. குழந்தையைத் தூக்கி வருவது மாதிரி மடியில் வைத்துக் கொண்டு வந்தேன் என்றார். அந்த வெள்ளைக்காரர் வீட்டில் நன்றாகத்தான் பாடியது, பக்கத்தில் பீரோ மாதிரி ஒரு பெரிய பெட்டிகூட இருந்தது என்றார். பீரோவில் அந்த ஆள் சட்டை துணி வைத்திருப்பார் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டோம். அதுதான் ஸ்பீக்கர், அது இல்லாமல் இந்தச் சாமான் வாயே திறக்காது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஸ்பீக்கர் இல்லாமல் பாட்டுப் பெட்டி என்று ஒன்று உலகத்தில் இருக்கும் என்று யார் கண்டார்கள்? பாய் டீகூடக் குடிக்காமல் போய்விட்டார். அவர் மீது அநியாயமாகப் பழி விழுந்ததை இப்போது நினைத்தாலும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

மறுநாளே தெரு அதற்குப் பெயர் வைத்துவிட்டது, ஊமைப் பெட்டி. குழாயடியில் யாராவது சிரித்தால்கூட அம்மாவுக்கு அது தன்னைப் பார்த்துச் சிரிப்பதாகவே பட்டது. ரோஜாப்பூத் துணியை எடுத்து டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டாள். பெட்டியைச் சாய்ப்பில் கொண்டுபோய் வைத்தார்கள். சாய்ப்பு என்பது வீட்டின் பின்சுவரை ஒட்டிக் கீற்று இறக்கிய இடம். உர மூட்டையும் மண்வெட்டியும் கிடக்கும்.

மாமாவுக்கு நல்ல மனசு. கும்பகோணத்தில் பழைய சாமான் வாங்கும் கடைக்காரர் ஒருவரைப் பிடித்துவிட்டார். வெளிநாட்டுச் சாமான் என்றால் உள்ளே இருக்கும் பாகங்களுக்காவது வாங்கிக்கொண்டு பதிலுக்கு ஒரு பழைய டூ-இன்-ஒன் தருவாராம். அம்மா முகம் கொஞ்சம் தெளிந்தது. நான் அழுதேன். அப்பா எனக்குத்தானே அனுப்பினார் என்றேன். ஊமைப் பெட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வாய் என்று கேட்டார்கள். எனக்கு அது வேண்டும், அவ்வளவுதான்.

ஆற்றில் தண்ணீர் வந்து குறுவை நடவு தொடங்கிவிட்டதால் மாமாவுக்குக் கும்பகோணம் போக நேரம் வாய்க்கவில்லை. அந்த இடைவெளியில்தான் நான் வயசுக்கு வந்தேன். சங்கடப்படாதீர்கள், நமக்கெல்லாம் பேரப்பிள்ளைகள் வந்தாயிற்று.

முறை உங்களுக்குத் தெரியும். தனியாக உட்கார வைப்பார்கள். தாய்மாமன் பச்சைத் தென்னங்கீற்றில் குச்சுக் குடிசை கட்ட வேண்டும். மாமா நடவு அவசரத்தில் சாய்ப்பையே குச்சாக்கிவிட்டார், வாசலுக்குப் பச்சைக் கீற்றுத் தடுப்பு வைத்து. தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வரை நான் அதைத் தாண்டக் கூடாது, யாரையும் தொடக் கூடாது. நான் புழங்கும் பாய், தட்டு, டம்ளர் எல்லாம் தண்ணீர் ஊற்றும் அன்று காலையில் ஆற்றோடு போய்விடும். இதற்கெல்லாம் காவல் அத்தை.

அத்தை அப்பாவின் அக்கா. அப்பாவைத் தூக்கி வளர்த்தவள். கட்டிக்கொடுத்த கொஞ்ச காலத்திலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். வீட்டில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. விசேஷம் என்று வந்தால் முன்கட்டுக்கு வரவே மாட்டாள். கொல்லையில் அடுப்பு மூட்டிப் பலகாரம் சுடுவதோடு சரி. தாலி அறுத்தவள் நல்ல காரியத்துக்கு முன்னால் நிற்கக் கூடாது என்பதை யாரும் அவளிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளே எல்லாருக்கும் முந்திக்கொண்டு ஒதுங்கிவிடுவாள். தனக்கே அவ்வளவு கறார் என்றால் என்னை விடுவாளா?

ஆனால் பாருங்கள், அவ்வளவு கண்ணும் கருத்துமாக இருந்தவள் உர மூட்டைக்குப் பின்னால் கிடந்த பெட்டியை மறந்துவிட்டாள்.

காலையில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும், மத்தியானம் உளுந்தங்களி. விழுங்கி விழுங்கித் தொண்டையெல்லாம் எண்ணெய். பேச ஆள் இல்லை. நான் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். சாய்ப்பில் இருந்த பிளக் பாயிண்டில் செருகினால் சிவப்பு விளக்கு எரியும். சத்தம் இல்லாவிட்டால் என்ன? கட்டைகள் விரலுக்குக் கீழே மெத்தென்று இறங்கின. எந்தத் திருகு இறுக்கம், எந்தத் திருகு வழுக்கிக்கொண்டு ஓடும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அளவுக்குப் பழகிவிட்டது. ஒரு திருகைத் திருகினால் சிவப்பு விளக்கு மெதுவாக மின்னும். இன்னும் திருகினால் படபடவென்று துடிக்கும்.

சாய்ப்புக்குப் பின்னாலேயே வயல். நடவுப் பெண்கள் பாடுவது அப்படியே கேட்கும். அந்தப் பாட்டின் இழுப்புக்கு ஏற்றாற்போல விளக்கை மின்ன வைப்பேன். ஒரு வயல் நட்டு முடிந்ததும் அவர்கள் நாக்கைச் சுழற்றிக் குலவை விடுவார்கள். நான் திருகைக் கடைசி வரை திருப்புவேன். விளக்கும் குலவை விடும், சத்தம் இல்லாமல்.

அம்மா ஒரு நாள் கீற்றுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து களி கொடுக்கும்போது சொன்னாள். அத்தை சின்ன வயதில் குலவை விட்டால் ஆற்றுக்கு அக்கரையில் நடுகிறவர்கள் பதில் குலவை கொடுப்பார்களாம். எந்த வயலிலும் முதல் குலவை அத்தையுடையதுதானாம். புருஷன் போனதோடு அதையும் விட்டுவிட்டாளாம். எனக்கு நம்பவே முடியவில்லை. அத்தை வாயிலிருந்து அதட்டலைத் தவிர வேறு சத்தம் நான் கேட்டதே இல்லையே.

அந்த அத்தைதான் ஒரு மத்தியானம் கீற்றிடுக்கு வழியாக என்னையும் பெட்டியையும் சேர்த்துப் பார்த்துவிட்டாள்.

கத்தவில்லை அவள். "தொட்டுட்டியா," என்றாள். அப்புறம், "சரி. பாயோட தட்டோட இதையும் ஆத்துல விட்டுற வேண்டியதுதான்."

மாமா வந்தார். தீட்டுப் பட்ட சாமானைக் கடைக்குக் கொடுக்கலாமா என்று கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். கடைக்காரர் வீட்டிலும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள், தெரிந்தே அந்தப் பாவத்தைச் செய்ய மாட்டேன் என்றுவிட்டார். சிரிக்காதீர்கள். எதைச் சொல்லி வேண்டுமானாலும் அந்தச் சாமானைக் கடைக்காரர் தலையில் கட்டியிருக்கலாம், அது அவருக்குத் தோன்றவே இல்லை. ஆக, கடைக்குப் போக இருந்தது ஆற்றுக்குப் போவதாக முடிவானது.

அம்மாவுக்கு அன்றைக்குத்தான் கோபம் வந்தது. "அவ சாஞ்சிருக்கற செவுத்தையும் இடிச்சு ஆத்துல விட்டுருவமா அண்ணி?" என்று கேட்டாள். அத்தையை எதிர்த்து அம்மா பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"செவுரு நம்மளது. இது எங்கேருந்தோ வந்தது," என்றாள் அத்தை. அம்மா முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆற்றில் தண்ணீர் இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. சாய்ப்பில் படுத்தால் அந்த இரைச்சல் கேட்கும். பெட்டி அதில் மிதந்து போகுமா, நேராக முங்கிவிடுமா என்று யோசித்து யோசித்து எனக்குக் களி இறங்கவில்லை. பெட்டியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன், பார்த்து மனசில் வைத்துக்கொள்வோம் என்று. அப்படிப் பார்க்கும்போதுதான் பின்பக்கத்தில் அந்த ஓட்டை கண்ணில் பட்டது. சுண்டு விரல் நுனி போகும் அளவுக்கு, உள்ளே பித்தளை வளையம் வைத்த ஓட்டை. இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று மண்டையைக் குடைந்தேன்.

நம் பக்கத்தில் மைக்செட் இல்லாமல் காதுகுத்து உண்டா, கல்யாணம் உண்டா? மைக்செட்காரர் வந்து இறங்கினால் அவர் பக்கத்திலேயே பழிகிடக்கிற ஆள் நான். மைக் வயரின் முனையில் இருக்கும் அந்தப் பளபளப்பான பின்னை அவர் ஆம்ப்ளிஃபயரில் எப்படிச் செருகுவார் என்று எத்தனை தடவை பார்த்திருப்பேன். அந்தப் பின் போகும் ஓட்டையும் இந்த ஓட்டையும் ஒன்றுதான். மைக்கிலிருந்து சத்தம் வயர் வழியாகப் பெட்டிக்குப் போகிறது. அப்படியானால் இந்தப் பெட்டிக்கும் சத்தம் வெளியே போக வயர்தானே வேண்டும்?

அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். எழுந்து போனாள்.

தண்ணீர் ஊற்றுவதற்கு முதல் நாள் மத்தியானம் மைக்செட்காரர் வந்து தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டினார், வாய் வயல்பக்கம் பார்க்க. அவர் இருமி, ஹலோ ஹலோ சொல்லி முடித்ததும் அம்மா அவரிடம் போய் நின்றாள். அவர் ஒரே பிடியாக மாட்டேன் என்றாராம். வெளிநாட்டுச் சாமான், அக்கா, என் ஆம்ப்ளிஃபயர் போனால் என் பிழைப்பே போச்சு என்றாராம்.

"ஒரே ஒரு தரம் சொருகிப் பாருங்க. காலைல அது ஆத்துக்குப் போயிரும்," என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அந்தக் குரலைக் கேட்டு அவருக்கு மனசு இளகிவிட்டது. இரண்டு வயரை முறுக்கி ஒட்டுப் போட்டு, வீட்டைச் சுற்றி இழுத்து வந்து கீற்றுக்கு அடியில் தள்ளினார். முனையை நான் எடுத்து ஓட்டையில் செருகினேன். சொல்லி வைத்தாற்போல உட்கார்ந்தது.

கட்டையை அமுக்கினேன்.

உறுமல் என்றால் அப்படி ஒரு உறுமல். தென்னை மரத்துக் காக்கை எல்லாம் சிதறிப் பறந்தன. எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடப் பார்த்தது. மைக்செட்காரர் ஐயோ என்று பாய்ந்து சத்தத்தைக் குறைத்தார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவ்வளவு நாளும் அது ஊமையாகவே இல்லையே. எங்களுக்குத்தான் கேட்கவில்லை.

மாமா ஓடி வந்தார். இரண்டு கட்டையைச் சேர்த்து அமுக்கச் சொன்னார். சேர்த்து அமுக்கினாலும் ஒரு சத்தம்தான் வந்தது. அந்த வகைப் பெட்டி அப்படித்தான், ஒரு நேரத்தில் ஒரு சுரம். அது எங்களுக்குத் தெரியுமா? மத்ததெல்லாம் அவுட்டு போலிருக்கே என்று மாமா உதட்டைப் பிதுக்கினார்.

"நமக்கு மட்டும் எத்தனை வாய் இருக்கு?" என்றாள் அம்மா.

நான் திருகுகளில் இறங்கினேன். சத்தமில்லாமல் பழகிய விரல்கள் இப்போது ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் கண்டுபிடித்தன. இது உறுமலைக் குரலாக்குகிறது. இது ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போகிறது. கடைசியில் விளக்கைத் துடிக்க வைக்கும் திருகுக்கு வந்தேன். மேல்கட்டை ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதைத் திருப்பினேன். விளக்கு படபடத்தது. சத்தமும் அதோடு சேர்ந்து படபடத்தது. தென்னை மர உச்சியிலிருந்து வயல் முழுக்கக் குலவை கொட்டியது.

கையை எடுத்தேன். ஒரு நொடி ஒன்றுமே கேட்கவில்லை. அப்புறம் பதில் குலவை வந்தது. வயலிலிருந்து இல்லை. எங்கள் கொல்லைக் கோடியிலிருந்து, பலகார அடுப்படியிலிருந்து. கணீரென்று, நீளமாக, நான் அதுவரை கேட்டே இராத குலவை. அதற்குப் பின்னால்தான் வயலில் இருந்தவர்கள் நிமிர்ந்து நின்று சேர்ந்துகொண்டார்கள்.

ஜல்லிக்கரண்டியும் கையுமாக அத்தை ஓடி வந்தாள். முந்தானையால் வாயை இறுக்கப் பொத்தியிருந்தாள். யாரோ குலவை விடக் காதில் விழுந்தது, அவளை அறியாமல் நாக்கு புரண்டுவிட்டது. நல்ல காரியத்துக்கு முதல் நாள், அதுவும் அவள் வாயால். மாமா தரையைப் பார்த்தார். மைக்செட்காரர் இல்லாத வயரைச் சுருட்டினார். அத்தையின் கண்ணில் இருந்த பயத்தைப் பார்த்ததும் எனக்குப் பெட்டியே மறந்துபோனது.

"எண்ணெய் காயுது பாருங்க அண்ணி," என்றாள் அம்மா, ஒன்றுமே நடக்காதது மாதிரி. அத்தை திரும்பிப் போனாள். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. எங்கள் அம்மா பள்ளிக்கூடம் போனவள் இல்லை. ஆனால் எந்த நேரத்தில் எதைக் கேட்காதது போல இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்த அளவுக்கு எனக்கு இன்று வரை தெரியவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் கீற்று விலகியது. அத்தை. வெளியே நின்றபடியே பேசுவாள் என்று பார்த்தால் உள்ளே வந்து என் பாயிலேயே உட்கார்ந்துவிட்டாள். கையெல்லாம் வெல்லப்பாகும் எண்ணெயும். முந்தானையில் துடைத்துக்கொண்டே பெட்டிப் பக்கம் தலையைக் காட்டினாள்.

"நாளைக்கு உன்னை உக்கார வச்சு தண்ணி ஊத்தறப்ப, இதை யாரு அமுக்குவா?" என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினேன். "நீங்கதான் அத்தை," என்றேன்.

"வாயாலதான் கூடாதும்பாங்க," என்றாள் அவள் மெதுவாக. "கையை ஒண்ணும் சொல்லல."

கட்டையைக் காட்டினேன். திருகைக் காட்டினேன். வயரைப் பிடுங்கிவிட்டுச் சத்தமில்லாமலே பழக்கினேன், நான் பழகிய மாதிரி. என் பாயில் உட்கார்ந்து என்னையும் பெட்டியையும் தொட்டாயிற்று, உங்கள் கணக்குப்படி நீங்களும் ஆற்றுக்குத்தான் போக வேண்டும் என்று சீண்டினேன். அத்தை சிரித்தாள். போறேன், ஒரு முங்கு முங்கிட்டு வந்துடறேன் என்றாள். பெட்டியை ஆற்றில் விடுவது பற்றிய பேச்சு அதோடு சரி.

அதற்குப் பின் அந்தப் பெட்டி என்னோடு ரொம்ப காலம் இருந்தது. குறுவை நேரத்தில் பம்புசெட் எல்லாம் ஓடினால் வோல்டேஜ் இறங்கி அதன் சுருதியும் இறங்கும். வெயில் ஏறினால் சுருதி நழுவும். ஓர் உலை கொதிக்கும் நேரம் ஆன் செய்து வைத்துவிட்டுத்தான் வாசிக்க உட்கார வேண்டும். அப்பா விடுமுறையில் வந்தபோது வாசித்துக் காட்டினேன், அவர் கொண்டு வந்த டூ-இன்-ஒன் பக்கத்திலேயே பாடிக்கொண்டிருந்தும் அவர் அதை நிறுத்தச் சொல்லிவிட்டு இதைக் கேட்டார். பாயை வீட்டுக்கு வரவழைத்து மாமா மன்னிப்பு கேட்டு, டீயோடு சாப்பாடும் போட்டு அனுப்பினார். பிறகு ஒரு வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து பெட்டியும் போய்விட்டது. கடைசியில் ஆறு எடுத்துக்கொண்டதுதான், ஆனால் யாரும் கொடுக்கவில்லை. இன்று என்னிடம் கீபோர்டு படிக்க வரும் பிள்ளைகளின் பெட்டியில் ஆயிரம் சத்தம் இருக்கிறது. எல்லாம் வாங்கும்போதே உள்ளே வைத்து வருகிறது. முதலில் ஒரே ஒரு சத்தத்தை நீங்களே உண்டாக்குங்கள் என்று நான் அவர்கள் உயிரை எடுக்கிறேன்.

அந்தக் காலையைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

பந்தலில் மனையில் உட்கார வைத்தார்கள். பெட்டி மைக்செட்காரர் பெஞ்சில், ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில். அத்தை அதன் முன்னால் நின்றாள், ஈரத் தலையை முடிந்துகொண்டு. விசேஷத்தில் அவள் முன்கட்டில் நின்று நான் பார்த்தது அன்றுதான். சில பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பெட்டியை அவங்களுக்குத்தான் இயக்கத் தெரியும் என்று அம்மா எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். அதற்கு மேல் யார் என்ன சொல்ல முடியும்?

சுமங்கலிகள் ஐந்து பேர் குடத்தைத் தூக்கினார்கள். மஞ்சள் தண்ணீர் தலையில் விழுந்ததும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். தென்னை மர உச்சியிலிருந்து குலவை கிளம்பியது. நான் காட்டிக் கொடுத்ததைவிட நீளமாக, அத்தை விரல் எடுக்காமல் பிடித்திருந்தாள். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற ஊற்றக் குலவை போய்க்கொண்டே இருந்தது. மூச்சு வாங்கிவிட்டு மறுபடி எழுந்தது. பெட்டிக்கு எதற்கு மூச்சு வாங்குகிறது என்று அந்தத் தண்ணீருக்குள்ளேயும் எனக்குத் தோன்றியது.

முகத்தை வழித்துவிட்டுக் கண்ணைத் திறந்தேன். மைக்செட்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். பந்தலில் சீரியல் விளக்கு ஒன்றுகூட எரியவில்லை, பெட்டியின் சிவப்பு விளக்கும் இல்லை. கரண்ட் போய் எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. அத்தை கண்ணை மூடிக்கொண்டு, விரலைக் கட்டையிலேயே வைத்தபடி, வாயைத் திறந்து குலவை விட்டுக்கொண்டிருந்தாள். யாரும் அவளை நிறுத்தவில்லை. ஐந்து பேரும் ஒவ்வொருவராக அவளோடு சேர்ந்துகொண்டார்கள்.